அத்தை அடங்கின வருஷம்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு மாத்திரையில்தான் ஆரம்பிக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர், எந்த டாக்டர் எதைக் குறைத்தார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். பிரஷருக்கு வேர்ப்பொடியாம். "வெறும் செடிதானேடி, ஒண்ணும் பண்ணாது" என்றாள். வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். ஈர மண்ணும் கசப்பும் கலந்த அந்த வாடை தெரிந்ததும் எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. சர்ப்பகந்தி. அதன் பெயரை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டாள். பந்தியில் உட்கார்ந்து சொல்லுகிற விஷயமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் வேலை. மைசூரில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு துண்டு மண், குழாயடி. எனக்குப் பத்து வயசிருக்கும். ஒரு மழைநாள் சாயங்காலம் அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, ஒரு ஒயர் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கூடையில் இரண்டு புடவை, சோப்பு டப்பா, பச்சைக் கம்பளி நூல் உருண்டை, அதில் குத்தியிருந்த இரண்டு ஊசி. பாதி பின்னி விட்டிருந்த ஒரு குழந்தை ஸ்வெட்டர். குழந்தை வரவில்லை.

அத்தையைச் சாமராஜநகரில் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன், மாமா, கை நீட்டுகிறவர். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே இரண்டு வருஷம் போயிருந்தது. அன்றைக்கு அடி விழுந்தபோது அத்தை கையில் கிடைத்த சொம்பை எடுத்து வீசிவிட்டாள். மாமாவின் நெற்றி கிழிந்து நாலு தையல். அவ்வளவுதான். பைத்தியம் பிடித்துவிட்டது, இவளிடம் குழந்தையை விட்டால் கொன்றுபோடுவாள் என்று சொல்லி, பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு இவளை மட்டும் ரயிலேற்றிவிட்டார்கள். பையனுக்கு அப்போது இரண்டு வயசு முடியவில்லை.

அத்தையின் குரலைச் சொல்ல வேண்டும். பெரிய குரல். சிரித்தால் எதிர்வீட்டு ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து, "ஏனாயித்து?" என்று கேட்பாள், என்ன ஆச்சு என்று. என்னைக் கூப்பிட்டால் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் விளையாடுகிற எனக்குக் கேட்கும். தள்ளுவண்டிக்காரரோடு கன்னடத்தில் சண்டை போட்டு, சண்டை முடிவில் ஒரு கட்டு கொத்தமல்லியை இலவசமாக வாங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறவர்கள். அவள் வந்த பிறகு வீட்டுக்கு ஒரு ஜன்னல் கூடுதலாக வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அதே குரல்தான் குழந்தையை நினைத்துக்கொண்டால் வேறு மாதிரி ஆகிவிடும். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று, "இந்நேரம் அவனுக்குச் சோறு ஊட்டியிருப்பாங்களா அண்ணி?" என்று கேட்பாள். அம்மா பதில் சொல்வதற்குள் கத்த ஆரம்பித்துவிடுவாள். தட்டு பறக்கும். ஒருமுறை சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

பிறகு ரயிலேறிப் போக ஆரம்பித்தாள். அப்போதைய சின்ன ரயில், நஞ்சன்கூடு வழியாக ஆடி ஆடிப் போகும். யாரிடமும் சொல்லாமல் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, "என் பையனைக் காட்டுங்கடா" என்று தெருவே கூடுகிற மாதிரி கத்திவிட்டு வருவாள். ரயில் கார்டுகளுக்கெல்லாம் அப்பாவைத் தெரியும் என்பதால் டிக்கெட் இல்லாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. இன்னொரு தடவை வந்து கத்தினால் போலீசில் எழுதிக் கொடுப்போம், குழந்தையின் முகத்தை ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது.

வந்தவரை அனுப்பிவிட்டு அப்பா அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தானாம்.

"கொஞ்சம் அமைதியா இரு பாப்பா. நீ அமைதியா இருந்தா நானே கூட்டிட்டுப் போய் பையனைக் கேட்கிறேன். நீ இப்படிக் கத்தினா நான் எந்த முகத்தோட போய்க் கேட்கறது?"

"நான் எப்படிண்ணா அமைதியா இருக்கிறது?" என்றாள் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்லு என்பது போலக் கேட்டாள்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், கன்னடக்காரர், வழி சொன்னார். நஞ்சன்கூடு சாலையில் ஒரு கிராமத்தில் நாட்டு வைத்தியர் இருக்கிறார், புத்தி பேதலித்தவர்களுக்கு வேர் கொடுக்கிறார் என்று. அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு சர்ப்பகந்தி வேர் கொடுத்திருந்தார். கொஞ்சமாகப் பாலில் கொடு, தூக்கம் பிடித்ததும் நிறுத்திவிடு, மூன்று வாரத்தில் மறுபடி அழைத்து வா என்று சொன்னாராம். அப்பா வந்ததும் அதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பாதான் இடிப்பார். அம்மாவை விடமாட்டார். பணிமனைச் சங்கு ஊதி, சைக்கிளில் வீட்டுக்கு வந்து, கையில் இருக்கிற கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, பிறகுதான் கல்லுரலைத் தொடுவார். வேர் கோணல்மாணலாக, பழுப்பு நிறத்தில், பார்வைக்குக் காய்ந்த இஞ்சி மாதிரி இருக்கும். இடிக்கும்போது வாடை வீடெல்லாம் பரவும். நான் ஒருமுறை உரலில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பு ராத்திரிச் சாப்பாடு வரை போகவில்லை. அத்தை அதை ஒரே மூச்சில் குடிப்பாள். குடித்துவிட்டு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். "முடிச்சாச்சு. எப்போ போறோம்ணா?"

வழி சொன்ன அந்த நண்பர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து நாலு கன்றும் கொண்டுவந்து தந்தார். அப்பா குழாயடிக்குப் பக்கத்தில் நட்டார். முழங்கால் உயரம் வரும் செடி. ஒரு கணுவுக்கு மூன்று இலை. பூ வெள்ளை, காம்பு மட்டும் நல்ல சிவப்பு. பூத்தபோது அழகாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. காய் கறுத்து மினுங்கும். தொடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அத்தை தூங்கினாள். முதல் வாரத்திலேயே தூங்கினாள். தட்டு பறப்பது நின்றது. சுவரில் மோதிக்கொள்வது நின்றது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து, "ஈக எஷ்டு சாந்தவாகி இத்தாரல்வா" என்று அம்மாவிடம் மெச்சிவிட்டுப் போனாள். இப்போது எவ்வளவு சாந்தம் என்று. வைத்தியர் சொன்ன மூன்று வாரம் வந்தது, போனது. மருந்து கேட்கிறதே, எதற்கு நிறுத்த வேண்டும் என்று அப்பா நினைத்தார். வேர் தீர்ந்தபோது நண்பரின் தோட்டத்திலிருந்து முற்றின வேராகத் தோண்டி வந்தது. நஞ்சன்கூடு சாலைக்கு யாரும் மறுபடி போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. அத்தைக்கு எந்நேரமும் மூக்கடைப்பு. வாய் லேசாகத் திறந்தபடி மூச்சு விடுவாள். மழைக்கால ஜலதோஷம் என்று அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். கை எப்போதும் சில்லென்று இருந்தது. தள்ளுவண்டிக்காரர் வாசலில் நின்று கூவினார். அத்தை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாள் கழித்து அவரே, "அக்கா ஊருக்குப் போயாச்சா?" என்று விசாரித்தார். கம்பளி நூல் கூடையிலேயே கிடந்தது. ஸ்வெட்டருக்கு ஒரு கை மட்டும்தான் முடிந்திருந்தது. என் தலையைப் பின்னிவிட உட்காருவாள். பாதிப் பின்னலில் கை நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் எங்கோ பார்த்துக்கொண்டு இருப்பாள்.

"அத்தை, பின்னுங்க."

"ம்."

கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அதை அழுகை என்றே சொல்ல முடியாது. முகம் அழாது, கண் மட்டும் வழியும். நான் அம்மாவிடம் சொன்னேன். "ஜலதோஷம்டி" என்றாள் அம்மா.

டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. எப்போது போகிறோம் என்று கேட்பதும் நின்றிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நல்லபடியாக ஆகிவிட்டாள் என்று முடிவுசெய்து, தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு சாமராஜநகருக்குக் கிளம்பினார். பெண்பிள்ளை கூட இருந்தால் பேச்சு வளராது என்று என்னையும் அழைத்துக்கொண்டார். அம்மா அந்த ஸ்வெட்டரின் மற்றொரு கையையும் தானே பின்னி முடித்து, ஒயர் கூடையில் வைத்து அத்தையின் மடியில் கொடுத்தாள். அம்மா பின்னிய கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

ரயிலில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். "பையன் ஓடியாடி இருப்பான் பாப்பா. பேச்சு வந்திருக்கும்." அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கரும்புக்காடு, வாழை, கபினி ஆற்றுப் பாலம் எல்லாம் போயின. வழக்கமாகப் பாலம் வந்தால் காசு போட வேண்டும் என்று பரபரப்பவள், அன்று பாலத்தைப் பார்க்கக்கூட இல்லை.

மாமா வீட்டில் எங்களை உள்ளே விட்டார்கள். அதுவே பெரிய விஷயம். மாமா இல்லை. மாமியார் இருந்தார், மாமாவின் அக்கா இருந்தார். இரும்பு நாற்காலியில் அப்பாவும் அத்தையும் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன். காபி வந்தது. பையன் அந்த அக்காவின் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கன்னத்தில் மைப்பொட்டு. அத்தையின் அதே அகலமான நெற்றி.

"போடா. யாரு வந்திருக்கான்னு பாரு. அம்மாடா" என்றார் மாமியார். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பையன் மெதுவாக வந்தான். அத்தையின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றான். கூடையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அத்தையின் இரண்டு கையும் மடியில் இருந்தன, யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரி. வாய் சற்றே திறந்திருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா," என்றார் அப்பா. "பையன்மா."

"ம். வளந்துட்டான்."

பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சொல்வது போல இருந்தது. நான் கூடையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அவன் தோளில் வைத்துப் பார்த்தேன். பத்தவில்லை. மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. பையன் சிணுங்கிக்கொண்டு ஓடி, அந்த அக்காவின் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

மாமியார் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங் தம்பி, பெத்தவ இப்படியா உக்காந்திருப்பா? இவளை நம்பி எப்படிக் குழந்தையை விடறது?"

"முன்னாடி கத்துறான்னு சொன்னீங்களே," என்றார் அப்பா. அவர் குரல் எழும்பவில்லை. "இப்போ கத்தறதே இல்லைங்க. எவ்வளவு அமைதியா இருக்கா பாருங்க."

"கத்தினப்போ பயமா இருந்துச்சு. இப்போ பார்த்தா அதைவிடப் பயமா இருக்குங்க."

காபி ஆறிப்போயிருந்தது. அப்பா எழுந்தார். அத்தையும் அவர் எழுந்ததைப் பார்த்து எழுந்தாள். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் அப்பா ஒயர் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நோய் இன்னும் உள்ளே இருக்கிறது, வேர் அதை முழுதாக எடுக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உரலை இழுத்தார். அன்று முதல் இரண்டு வேளை ஆயிற்று.

அடுத்த மாதம் ஒரு காலையில் அத்தை குழாயடியில் விழுந்துவிட்டாள். குடம் உருண்ட சத்தம் கேட்டு ஓடினோம். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துவந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் மறுபடி பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன மருந்து கொடுக்கறீங்க?"

"மருந்துன்னு ஒண்ணும் இல்லைங்க," என்றார் அப்பா. "வேர்தான்."

அம்மாதான் பெயரைச் சொன்னாள். எவ்வளவு நாளாக என்பதையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அது பிரஷரை இறக்கற மருந்து. இவங்களுக்கு இறக்க என்ன இருந்தது? உடம்பை மட்டும் இல்லை, நாள்பட்டா மனசையும் கீழே இறக்கிடும். இதைப் பழக்கம் இருக்கறவங்க அளவு பார்த்து, ஆளை அப்பப்போ பார்த்துதான் கொடுப்பாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அப்பாவுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். அதை அவர் அங்கே சொல்லவில்லை. "நல்லா இருக்கான்னு நெனச்சேங்க" என்றார். "சத்தமே இல்லாம இருந்தா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா குழாயடிச் செடிகளைக் கையாலேயே பிடுங்கினார். வேர் அப்போதுதான் விரல் கனம் ஆகியிருந்தது. பூவும் காயுமாகக் குப்பைத்தொட்டியில் கிடந்தன. உரலைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் வாடை போகவில்லை. அதில் அம்மா அப்புறம் எதையும் இடிக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலிசெய்தபோது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நாங்கள் காத்திருந்தோம். உடனே ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறின ஒரு காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஏனப்பா, இது ஹாலா, நீரா?" பாலா, தண்ணியா என்று பால்காரரிடம் அத்தை. குரல் பழைய அளவில் பாதிகூட இல்லை, ஆனாலும் சண்டை. அம்மா சமையலறையிலிருந்து வந்து புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று மத்தியானம் அத்தை அழுதாள். முகமெல்லாம் கோணி, மூக்கு சிந்தி, சத்தம் போட்டு அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி சாமராஜநகர் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. மாமாவுக்கு மலை இறங்கி சத்தியமங்கலம் பக்கம் எங்கேயோ வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்களாம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் விலாசம் தெரியவில்லை, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸேறி அந்தப் பக்கமெல்லாம் தேடிவிட்டு வந்தார். கிடைக்கவில்லை. பையன் பெரியவனான பிறகாவது வருவான் என்றிருந்தோம். வரவில்லை.

பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், பள்ளிவிட்டு வந்த என்னை அத்தை பின்பக்கம் கூப்பிட்டாள். செடி பிடுங்கின குழி இன்னும் மூடாமல் இருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள், அப்பா வேலையில்.

"கண்ணு, உன்னை ஒண்ணு கேட்கணும். நீயும் அன்னைக்குக் கூட வந்தே இல்ல? பையனைப் பார்க்க?"

"ஆமா அத்தை."

"எனக்கு ரயில்ல போனது ஞாபகம் இருக்கு. காபி குடுத்தது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் மூடாக்காப் போச்சு. அவன் கிட்ட வந்தானா?"

"வந்தான்."

அவள் என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம். "நான் அவனைத் தூக்கினேனா?"

பத்து வயசில் நாம் ஒன்றும் புரியாதவர்கள் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. "தூக்கினீங்க" என்றேன்.

"அழுதானா?"

"இல்லை. உங்க சங்கிலியைப் புடிச்சு இழுத்தான்."

"கனமா இருந்தானா?"

"கனமா இருந்தான் அத்தை. இடுப்பை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டீங்க."

அத்தை உள்ளங்கையை இடது இடுப்பில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தாள். பிறகு வலது இடுப்பில்.

அதைப் பற்றி அவள் மறுபடி என்னிடம் கேட்டதில்லை. ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கண் மங்கும் வரைக்கும் தைத்தாள். எங்களோடேயே இருந்தாள். பழைய குரல் முழுதாகத் திரும்பவில்லை; ஆனால் இருந்தது. நான் சொன்னதை நம்பினாளா, சின்னப் பெண் நல்லதுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டாளா, எனக்கு வெகுகாலம் தெரியாது.

என் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி சாப்பிட வேண்டும் என்று தன் குழந்தையை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவன் இறகாட்டம் இருக்கான். என் பையன் இந்த வயசுல என்னா கனம்! கடைசியாப் பார்க்கப் போனப்போ ஒரு இடுப்புல வெச்சுக்க முடியலை என்னால. சங்கிலியை அறுத்தே போட்டிருப்பான்."

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று அந்த வீட்டில் இரும்பு நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இலையைப் பாதியில் மடக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.